முதல் தண்டனையே வரல, அதுக்குள்ள இரண்டாவது வாய்ப்பா?

இந்தத் தடவை கொஞ்சம் கோபமான பதிவு. படிச்சுட்டு நாலு பேர் திட்டினாலும் பரவாயில்லை.

மைக்கேல் விக் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த வகுப்புத் தோழன் ஒருவன், ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் ஏறியதிலிருந்து படப்பை தாண்டும்வரை ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான். மிருகத்தைச் சித்திரவதை செய்த விளையாட்டு வீரனை மறுபடி மைதானத்தில் இறக்கலாமா, கூடாதா? பஸ் இரண்டாகப் பிரிந்தது. "ஒரு தப்புக்கு வாழ்க்கை முழுக்கவா தண்டிப்பாங்க?" என்று ஒரு கட்சி. "நாயைக் கொன்னவனுக்குக் கை தட்டணுமா? போங்கடா" என்று இன்னொரு கட்சி. இறங்குகிற ஸ்டாப் வந்ததும் மற்றவர்களுக்குச் சண்டை முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. காரணம், இரண்டு கட்சியுமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் பேசியது. விக் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவர். அதனால்தான் அவர் விஷயத்தில் "இரண்டாவது வாய்ப்பு" என்று ஒன்றைப் பேசவே முடிகிறது. நம் நாட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே பெரிய மனிதர்கள் முதல் வாய்ப்பையே இழப்பதில்லையே!

விக் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்கக் கால்பந்தில் (நம்ம ஃபுட்பால் இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் பெரிய நட்சத்திரம். 2004இல் பத்து வருடத்துக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம். 2007இல் வர்ஜீனியா மாநிலத்தில் அவருக்குச் சொந்தமான ஒரு இடத்தில் போலீஸ் நுழைந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட நாய்கள் பிடிபட்டன. பெரும்பாலும் பந்தயச் சண்டைக்காக வளர்த்த பிட்புல் நாய்கள். சரியாகச் சண்டை போடாத நாய்களைத் தூக்கில் தொங்கவிட்டும் தண்ணீரில் முக்கியும் கொன்றிருக்கிறார்கள். அதில் தனக்கும் பங்கு உண்டு என்று அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 23 மாதச் சிறைத் தண்டனை. அப்போது எனக்கு எல்.கே.ஜி. வயதுகூட ஆகவில்லை.

இதற்கு அடுத்து நடந்ததுதான் ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்கு முக்கியம். தண்டனையோடு சேர்த்து, பிடிபட்ட நாய்களின் பராமரிப்புக்காக ஏறக்குறைய 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கட்டச் சொன்னது நீதிமன்றம். கட்டினார். 2008இல் திவால் மனு கொடுத்தார். நமக்குத் தெரிந்த திவால் என்றால் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு லண்டன் போவது. இவர் விளையாட்டுக்குத் திரும்பிய பிறகு வருடக்கணக்காகச் சம்பளத்திலிருந்து பிடித்துப் பிடித்து, கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் டாலருக்கு மேல் அடைத்தார். 2009இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. 2010 சீசனில், சரிவிலிருந்து மீண்டு வந்த சிறந்த வீரர் என்ற விருது வாங்கினார். 2011இல், நாய்ச்சண்டையை வேடிக்கை பார்ப்பவனையும் தண்டிக்கும் சட்டம் வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்து ஆதரவு சொன்னார். 2024 டிசம்பரில் ஒரு பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

அவரைத் தியாகி ஆக்கவில்லை. நாய்களுக்குக் கட்டிய அந்தப் பணத்தில் ஒரு பகுதி, தன் கம்பெனியின் ஓய்வூதிய நிதியிலிருந்து எடுத்தது என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையே 2009இல் வழக்குப் போட்டது. (பி.எஃப். பணத்தில் கை வைப்பது என்றால் என்னவென்று எங்கள் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.) எல்லாவற்றையும் விட, அவரால் வேகமாக ஓட முடிந்தது என்பதற்காகத்தான் ஈகிள்ஸ் எடுத்தது. அவரோடு சேர்ந்து தண்டனை பெற்ற மூன்று பேரை எந்த அணி கூப்பிட்டது? அவர்கள் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

இருந்தும் என் ஓட்டு விக்குக்கு உண்டு. காரணம் அந்த 9 லட்சம் டாலர்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதனுக்குத் தீங்கு செய்தால் அவனிடமே போய் மன்னிப்புக் கேட்கலாம். அவன் மன்னிக்கலாம், முகத்தில் துப்பலாம், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். செத்துப்போன நாய் எதைச் செய்யும்? கணக்குப் பாடத்தில் சொன்னால், நாய் என்பது வந்து கேட்கத் தெரியாத கடன்தாரர். கேட்டு வராத கடனை எந்தக் கம்பெனியும் தானாகக் கொடுப்பதில்லை. கொஞ்ச நாளில் பேரேட்டிலிருந்தே அழித்துவிடுவார்கள். அந்த நீதிபதி செய்த பெரிய காரியம், கேட்கத் தெரியாத கடன்தாரரை வரிசையில் முன்னால் நிறுத்தியதுதான். திவால் மனு வருவதற்கு முன்பே நாய்களின் பணம் தனியாக ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பணம் என்ன செய்தது தெரியுமா? அந்த நாய்களைக் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று சில பெரிய விலங்கு நல அமைப்புகளே அப்போது சொன்னன. சண்டைக்கு வளர்த்த நாய் இனி திருந்தாது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் கேட்கவில்லை. ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதிக்க வைத்தது. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் என்ற சரணாலயத்துக்குப் போயின. மற்றவை வேறு அமைப்புகள் வழியாக வீடுகளுக்குப் போயின. சில நாய்கள், நோயாளிகளுக்கு ஆறுதலாகப் பக்கத்தில் போய் உட்காரும் அளவுக்குப் பயிற்சி பெற்றன. விக்குக்குக் கிடைத்ததற்கு முன்னால் நாய்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. இந்த வரிசைதான் எனக்கு வேண்டும்.

இரண்டாவது வாய்ப்பைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சூதாட்ட விவகாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 என்று இரண்டு சீசன் வெளியே உட்கார்ந்தது. 2018இல் திரும்பி வந்து கோப்பையைத் தூக்கியது. அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வெடித்த பட்டாசுச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. யாராவது "இவங்களை ஏன் மறுபடி சேர்த்தீங்க" என்று கேட்டால் நாம் என்ன சொன்னோம்? "இரண்டு வருஷம் வெளியே இருந்தாச்சு, கணக்கு முடிஞ்சுது." சரியான பதில். கணக்கு முடிந்த பிறகு வந்தது.

முடியாமல் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரி. வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் கர்ட் ஜூமா, வீட்டுப் பூனையை உதைத்து, செருப்பை எறிந்து, அறைகிற வீடியோ வெளியே வந்தது. மறுநாள் வாட்ஃபோர்டுடன் மேட்ச். மேனேஜர் அவரை முதல் பதினொன்றில் இறக்கினார்! மைதானமே ஊளையிட்டது. அணி பிறகு இரண்டு வாரச் சம்பளத்தை அபராதமாகப் பிடித்து விலங்கு நல அமைப்புகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னது. அடிடாஸ் ஒப்பந்தத்தை முறித்தது. ஜூன் மாதம் நீதிமன்றம் 180 மணி நேரச் சமூக சேவையும், ஐந்து வருடம் பூனை வளர்க்கத் தடையும் விதித்தது. இரண்டாவது வாய்ப்பு முதலில், தண்டனை நான்கு மாதம் கழித்து. தலைகீழ். ஆனாலும் பாருங்கள், நான்கு மாதத்தில் ஒரு தீர்ப்பு வந்துவிட்டது.

நம்ம கதைக்கு வருவோம்.

மன்சூர் அலிகான் பட்டோடி. ஒரு கண்ணில் பார்வை போன பிறகும் டெஸ்ட் ஆடியவர். 21 வயதில் இந்தியாவின் கேப்டன். 1962இல் நம்ம சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தவர். நியூசிலாந்தில் இந்தியாவின் முதல் வெளிநாட்டுத் தொடர் வெற்றியை வாங்கித் தந்தவர். இவ்வளவும் உண்மை. 2005 ஜூன் மாதம் ஹரியானாவின் ஜஜ்ஜர் பக்கம் அவர் போன வண்டியைப் போலீஸ் நிறுத்தியபோது, உள்ளே செத்துப்போன ஒரு வெளிமானும் முயல்களும் இருந்ததாகப் பதிவான வழக்கும் உண்மை. வெளிமான் என்றால் நம்ம கிண்டி பூங்காவில் முறுக்குக் கொம்போடு நிற்குமே, அதுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. வேட்டையாடினால் குறைந்தது மூன்று வருடம் உள்ளே.

ஜாமீன் கிடைத்தது. வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 2011 செப்டம்பரில் பட்டோடி காலமானார். அவர் மீதான வழக்கும் அதோடு முடிந்தது. அவரோடு சிக்கிய மற்றவர்கள் குற்றவாளிகள் என்று ஃபரிதாபாத் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2015இல்! பத்து வருடம். இதற்கு நடுவில் 2007இல், அதாவது விக் அமெரிக்காவில் கம்பிக்குப் பின்னால் போன அதே வருடம், இந்தியா இங்கிலாந்தில் ஆடும் டெஸ்ட் தொடருக்குப் பட்டோடி குடும்பத்தின் பெயரில் கோப்பை வந்தது. (அப்பா பட்டோடி இரண்டு நாட்டுக்கும் ஆடியவர், அவருக்கும் சேர்த்துத்தான்.) 2013இல் கிரிக்கெட் வாரியம் பட்டோடி பெயரில் ஆண்டுச் சொற்பொழிவு தொடங்கியது. 2025இல் அந்தக் கோப்பைக்கு ஆண்டர்சன்–டெண்டுல்கர் என்று பெயர் மாற்றியபோது பெரிய சண்டை வந்தது. வெற்றி பெறும் கேப்டனுக்குப் பட்டோடி பெயரில் பதக்கம் என்று சமாதானம் செய்தார்கள். பட்டோடிக்கு அநீதி என்று எத்தனை கட்டுரை! நான் படித்த ஒன்றில்கூட அந்த மான் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டோடி குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றம் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்ல முடியாது. நிரபராதி என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. அதுதான் என் புகாரே. ஆறு வருடத்தில் ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், ஒன்று அவர் பெயர் சுத்தமாகியிருக்கும், இல்லை தண்டனை முடிந்து நிஜமாகவே ஒரு இரண்டாவது வாய்ப்பு கிடைத்திருக்கும். இரண்டும் அவருக்கும் கிடைக்கவில்லை, அந்த மானுக்கும் கிடைக்கவில்லை.

கோல்ஃப் வீரர் ஜோதி ரந்தாவா விஷயமும் அப்படியே. 2002இல் ஆசிய டூர் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர். 2018 டிசம்பரில் உத்தரப்பிரதேசத்தில், துத்வா புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த கதர்னியாகாட் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்ததாகக் கைது செய்தார்கள். பிறகு ஜாமீன். பிறகு மறுபடி கோல்ஃப். குற்றச்சாட்டு குற்றச்சாட்டாக நிற்கிறது, ஆட்டம் ஆட்டமாக நடக்கிறது. இதற்குப் பெயர் இரண்டாவது வாய்ப்பு இல்லை. இடைவேளை.

இவர்களாவது வனவிலங்குச் சட்டத்தில் மாட்டியவர்கள். தெருநாய், பூனை, கழுதைக்கு எந்தச் சட்டம்? 1960ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டம். அதன் 11ஆம் பிரிவைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது நம்ப மறுத்தால் காட்டுவதற்கு. முதல் தடவை கொடுமை செய்தால் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். அவ்வளவுதான். மூன்று வருடத்துக்குள் இரண்டாவது தடவை மாட்டினால்தான் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில். மூன்று வருடம் கழித்துச் செய்தால் மறுபடி முதலில் இருந்து, மறுபடி 50 ரூபாய். நம்ம சட்டமே முதல் கொலையை இலவச சாம்பிள் மாதிரிதான் வைத்திருக்கிறது. ஒரகடம் ஜங்ஷனில் நாலு பேர் டீயும் சமோசாவும் சாப்பிட்டால் இதை விட அதிகம் ஆகும். 1960இல் 50 ரூபாய் என்பது பலருக்கு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு. அன்றைக்கு அது வலித்திருக்கும். பணவீக்கம் என்று ஒன்று இருப்பது பி.காம். முதல் வருடத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது, நாடாளுமன்றத்துக்கு அறுபது வருடமாகத் தெரியவில்லை. 2022இல் திருத்த வரைவு ஒன்று வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். கேட்டதோடு சரி.

2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் மிருகத்தைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் "இத்தனை ரூபாய் மதிப்புள்ள மிருகம்" என்று விலை போட்டிருந்தார்கள், அதையும் எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் கேஸ் எழுதுகிற ஏட்டையா எந்தப் பிரிவைப் போடுவார் என்பது மாட்டியவன் யார் என்பதைப் பொறுத்தது. இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எங்கள் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ரோட்டைப் பிடித்தால் குன்றத்தூர். 2016 ஜூலையில் அங்கே ஒரு மாடியிலிருந்து நாயைத் தூக்கிக் கீழே எறிந்தான் ஒருவன், இன்னொருவன் வீடியோ எடுத்தான். நாடே பார்த்தது. இரண்டு பேருமே மருத்துவ மாணவர்கள். எதிர்கால டாக்டர்கள்! கைது செய்த வேகத்தில் ஜாமீன். நாய் செத்திருக்கும் என்று எல்லாரும் நினைத்தபோது, எலும்பு முறிந்த நிலையில் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள் விலங்கு ஆர்வலர்கள். பத்ரா என்று பெயர் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டது. சட்டம் கேட்கும் அபராதம் 50 ரூபாய் என்பது அப்போதுதான் பல பேருக்குத் தெரிந்தது. பிறகு மருத்துவப் பல்கலைக்கழகம் தானாக முன்வந்து ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, அதை விலங்கு நல வாரியத்துக்குக் கட்டச் சொன்னது. படிப்பிலிருந்தே துரத்த வேண்டும் என்று கத்தினார்கள் நிறைய பேர். நான் அந்தக் கட்சி இல்லை. 50 ரூபாயில் விட்டிருந்தால் அந்த இரண்டு பேருக்கும் மறுபடி ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் கொடுத்தது அசிங்கமாக இருந்திருக்கும். 2 லட்சம் என்பது குறைந்தபட்சம் ஒரு கணக்கு. அந்தப் பணத்தை அவர்கள் அப்பாக்கள் கட்டியிருப்பார்களே என்று கேட்காதீர்கள், அது எனக்கும் உறுத்துகிறது.

இப்போது எங்கள் ஊர்க் கதை. ஊர்ப் பெயர் வேண்டாம். சிப்காட்டுக்குப் போனது போக மிச்சமிருக்கும் ஏரிக்கரை நிலத்தில்தான் எங்கள் கிரவுண்டு. டென்னிஸ் பால் டீம். எங்கள் ஓப்பனர் ஒருவன் இருக்கிறான், நின்றுவிட்டால் பந்து ரோட்டுக்குத்தான் போகும். போன வருடம் பிராக்டீஸில் பந்து முள்ளுக்குள் போனது. எடுக்கப் போனபோது அங்கே குட்டி போட்டிருந்த நாய் ஒன்று குரைத்துக்கொண்டு வந்தது. கடிக்கக்கூட இல்லை. ஸ்டம்பைப் பிடுங்கி அடித்தான். ஒரு அடி இல்லை. மறுநாள் அது செத்துப்போனது. நாலு குட்டி.

அடுத்த ஞாயிறு டோர்னமென்ட், முதல் பரிசு 15,000 ரூபாய். ஒரு சீசன் அவன் வெளியே இருக்கட்டும், குட்டிகளுக்குப் பால் செலவு அவனுடையது என்று சொன்னேன். சிரித்தார்கள். "நாய்தானேடா." "அவன் இல்லாம பவர்பிளே யார் ஆடறது, நீயா?" (நான் ஒன்பதாவது டவுன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லைதான்.) ஞாயிறு ஆடினான், நாற்பது சொச்சம் அடித்தான், எல்லாரும் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். குட்டிகளில் இரண்டை எங்கள் தெரு அக்கா ஒருத்தர் வளர்க்கிறார். இரண்டு என்ன ஆனதென்று யாரும் பார்க்கவில்லை.

அதே ஓப்பனர் இங்கே ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. எந்தத் தொழிற்சாலை என்று கேட்காதீர்கள். ஆறு மாதம் முன்பு லைனில் நிற்கும்போது பாக்கெட்டில் செல்போன் இருந்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கும் நாள். சூப்பர்வைசர் பார்த்தார். ஷிஃப்ட் முடிவதற்குள் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறு ஒருவன். யாராவது "ஒரு தப்புக்கு வாழ்க்கை முழுக்கவா" என்று கேட்டார்களா? டீமில் இருந்த பத்து பேரில் ஒருவன் வாய் திறந்தானா? கான்ட்ராக்ட் ஆள்னா அப்படித்தான் என்று போய்விட்டார்கள். ஒரு உயிரை எடுத்ததற்கு ஒரு மேட்ச்கூட இழக்காதவன், ஒரு செல்போனுக்கு வேலையை இழந்தான்.

இதுதான் என் வயிற்றெரிச்சல். இரண்டாவது வாய்ப்பு என்பது இரக்கத்தில் வருவதில்லை, மார்க்கெட் விலையில் வருகிறது. பவர்பிளே ஆடத் தெரிந்தால் உண்டு, போல்ட் முடுக்கத் தெரிந்தால் இல்லை. போல்ட் முடுக்க வரிசையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். எங்கள் பக்கம் வேலைக்கு எடுக்கும்போது போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிற இடங்கள் உண்டு. திருவிழாச் சண்டையில் பெயர் எழுதப்பட்ட பையன், தீர்ப்பு வருவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே நிற்கிறான். வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஒருவருக்குக் கோல்ஃப் மைதானம் திறக்கிறது, இன்னொருவனுக்கு கேன்டீன் வேலைகூட மறுக்கப்படுகிறது. "குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி" என்ற வசனம் எந்த வருமானத்திலிருந்து அமலுக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் தேவலை.

"ஜல்லிக்கட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டியே" என்று ஒருவர் வருவார், தெரியும். பேசலாமே. 2014இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் மெரினா போராட்டம், மாநிலச் சட்டத் திருத்தம். 2023 மே மாதம் அதே நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அதற்கு விதிமுறை இருக்கிறது, டாக்டர் சோதனை இருக்கிறது, மாட்டை இம்சை செய்கிற மாடுபிடி வீரரைக் களத்திலிருந்து வெளியேற்ற இடம் இருக்கிறது. அந்த விதிகள் எல்லா வாடிவாசலிலும் ஒழுங்காக நடக்கிறதா என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் விதியோடு ஊர் முன்னால் நடக்கும் ஒன்றும், முள்ளுக்குள் ஸ்டம்பால் அடித்துக் கொல்வதும் ஒன்று என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். "மட்டன் பிரியாணி சாப்பிடறவன்தானே நீ" என்பவருக்கு: ஆமாம், சாப்பிடுகிறேன். அதனால் நாயைத் தூக்கில் போடலாமா?

என்ன செய்யலாம் என்கிறீர்களா? 2019இல் பிரித்வி ஷா இருமல் மருந்தில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தது என்று எட்டு மாதம் தடை வாங்கினார். இருமல் மருந்துக்கு எட்டு மாதம்! ஊக்கமருந்துக்கு அன்று எழுதி வைத்திருந்த வாரியத்துக்கு, மிருகவதையில் தண்டனை பெற்ற ஆட்டக்காரனுக்கு ஒரு சீசன் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த சீசன் முடிந்து அவன் வந்தால் நானே கை தட்டுகிறேன். அபராதத்தை ரூபாயில் எழுதாமல் வருமானத்தில் இத்தனை பங்கு என்று எழுதினால் 1960க்கும் இன்றைக்கும் சண்டை வராது. பின்லாந்தில் வேகமாகக் கார் ஓட்டினால்கூட அபராதத்தை வருமானத்தைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். பணக்காரன் ஒரே சிக்னலில் லட்சக்கணக்கில் கட்டிய கதைகள் அங்கே உண்டு. அந்தப் பணம் கருவூலத்தில் போய்க் கரையக் கூடாது. அடிபட்ட மிருகங்களின் மருத்துவத்துக்குப் போக வேண்டும். வனவிலங்கு வழக்கில் இரண்டு வருடத்துக்குள் தீர்ப்பு, அது பட்டோடி குடும்பமானாலும் சரி, பொறி வைக்கும் கூலிக்காரனானாலும் சரி.

எங்கள் ஓப்பனருக்கு வேறு இடத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பயோடேட்டா டைப் செய்து கொடுத்தது நான்தான். அனுபவச் சான்றிதழ் தர மாட்டேன் என்ற கான்ட்ராக்டரிடம் அவனோடு இரண்டு தடவை போய் நின்றேன். பொங்கல் டோர்னமென்டுக்கு லிஸ்ட் எழுதச் சொல்லி நோட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பத்துப் பெயர் எழுதியிருக்கிறேன். குட்டிகள் இருக்கும் அந்த அக்கா வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் ஒரு சீசன் முழுக்கக் கொடுத்தால் பதினொன்றாவது பெயரை எழுதுகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.